ஊசிய விடுங்க, ஆண் முயல மாத்துங்க

கேள்வி: ஐயா வணக்கம், பூம்பாறைல இருந்து எழுதறேன். ஒயிட் ஜெயன்ட் முயல் ஒரு ஜோடி வாங்கி ரெண்டு மாசமா சேர்க்கைக்கு விடறேன். ஆணை உள்ள விட்டாலே பெட்டை கடிச்சு துரத்துது, காதே கிழிஞ்சிருச்சு. சீனாவுல பாண்டாவுக்கு ஊசி போட்டு குட்டி எடுக்கறத வீடியோல பார்த்தேன். முயல் வித்தவரும் ஹார்மோன் ஊசி போடச் சொல்றார். போடலாமா?

பதில்: தம்பி, போடாதீங்க. ஆணை உள்ள விட்டேன்னு எழுதிருக்கீங்களே, தப்பு அங்கதான். பெட்டை தன் கூண்டுக்குள்ள எது வந்தாலும் கடிக்கும். எப்பவும் பெட்டையத்தான் ஆண் கூண்டுக்கு தூக்கிட்டு போகணும், பக்கத்துலயே நில்லுங்க, சேர்ந்துச்சுன்னா ஆண் ஒரு பக்கமா சாஞ்சு விழும், பத்து நிமிஷத்துல ஆகலைன்னா எடுத்துருங்க. பிறப்புறுப்பு வெளுத்திருந்தா அன்னைக்கு விடவே வேணாம், நல்லா செவந்து தடிச்சிருக்கணும்.

பாண்டா கதையே வேற. அது பருவத்துக்கு வர்றது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுலயும் கரு நிக்கறது ஒண்ணுல இருந்து மூணு நாள்தான், அத விட்டா அடுத்த வருஷம், அதனாலதான் அவங்க செயற்கை கருவூட்டலுக்கு ஓடறாங்க. முயலுக்கு சேர்க்கை நடந்து 10, 12 மணி நேரம் கழிச்சுதான் முட்டையே வெளிய வரும். முயல் வித்தவர் சொல்ற ஹார்மோன் ஊசியும் முட்டைய வெளிய விடத்தான், ஆணை சேர்த்துக்கற ஆசைய அது தராது.

பாண்டாகிட்ட கத்துக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. 2015-ல வந்த ஆராய்ச்சில, சிச்சுவான்ல பிஃபெங்ஷியா மையத்துல, தனக்கு பிடிச்ச துணையோட விட்ட பாண்டாக்கள்தான் அதிகமா சேர்ந்துச்சு, குட்டியும் அதிகமா போட்டுச்சு. நான் வருஷக்கணக்கா கத்திட்டு இருக்கறது இதுதான், ஒரே ஒரு ஆணை வச்சு பண்ணை நடத்தாதீங்க. குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணு, வேற வேற இடத்துல வாங்கினதா இருக்கணும். இந்த ஆணை கடிச்ச பெட்டை அடுத்த கூண்டுல அமைதியா வால தூக்கி நிக்கறத எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

ஜோடின்னு விக்கறவங்கள நம்பவே நம்பாதீங்க. பாதிப் பேர் ஒரே தாயோட குட்டிய, அண்ணன் தங்கச்சியத்தான் சேர்த்து கட்டிக் குடுக்கறாங்க, சில பேர் ரெண்டு ஆணையே ஜோடின்னு தள்ளி விடுவாங்க. உங்களோடது உண்மையிலயே பெட்டைதானான்னு முதல்ல திருப்பிப் பாருங்க. மன்னவனூர் ஆராய்ச்சி மையம் உங்களுக்கு பக்கம்தானே, அங்க ஒயிட் ஜெயன்ட் இருக்கு, அடுத்த ஆணுக்கு அங்க கேளுங்க.

வயசும் எடையும் எழுதலையே. ஆறு மாசம் ஆகாததுன்னா பொறுங்க. கொழுத்துப் போனதுன்னா அடர்தீவனத்த குறைச்சு புல்ல கூட்டுங்க, கொழுத்த பெட்டை எந்த ஆணையும் கிட்ட சேர்க்காது. சேர்ந்துச்சுன்னா தேதிய கூண்டுலயே எழுதி மாட்டுங்க, 28-ஆம் நாள் காய்ஞ்ச புல் போட்ட குட்டிப் பெட்டிய வச்சிரணும், உங்க ஊர் குளிருக்கு வெறும் கம்பில விழுந்த குட்டி விடியறதுக்குள்ள செத்துரும்.