2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தினால் வைஃபை வேகம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். வைஃபை 7 சாதனத்தில், இரண்டு ஆன்டெனாவுடன் 5 கிகாஹெர்ட்ஸில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் தரும் உச்ச இணைப்பு வேகம் சுமார் 2,882 எம்பிபிஎஸ். 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் தருவது 344 தான். கூட்டினாலும் எட்டில் ஒரு பங்குதான் அதிகம்.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. திறந்தவெளியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4-ஐ விட ஏறத்தாழ 7 டெசிபல் கூடுதலாக வலுவிழக்கும். கான்கிரீட் சுவர் வந்தால் இடைவெளி இன்னும் பெருகும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது; அது குறுக்கிட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை உடனே காலி செய்ய வேண்டும். அப்போது 2.4 இணைப்பு கையிலிருந்தால் வீடியோ அழைப்பு அறுந்துபோகாது.

இதற்கு ரவுட்டர், போன் இரண்டிலும் எம்எல்ஓ (ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இணைந்திருக்கும் வைஃபை 7 வசதி) வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைப்பது எம்எல்ஓ ஆகாது (பலர் குழம்புவது இங்கேதான்). அதில் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும்.

ரவுட்டரில் எம்எல்ஓ-வை இயக்கி, பாதுகாப்பை டபிள்யூபிஏ3-க்கு (டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த வைஃபை பாதுகாப்பு முறை) மாற்றுங்கள். டபிள்யூபிஏ2-இல் விட்டால் சத்தமில்லாமல் ஒற்றை இணைப்பாகவே ஓடும். மாற்றியதும் பழைய கேமரா, ஸ்மார்ட் பிளக் இணைய மறுக்கலாம், அவற்றுக்கு 2.4-இல் மட்டும் டபிள்யூபிஏ2-உடன் தனிப் பெயர் கொடுங்கள். 2.4-இன் அகலத்தை 20-இலேயே வையுங்கள், சேனல் 1, 6, 11-இல் ஒன்று. 40 ஆக்கினால் பக்கத்து நெட்வொர்க்குகளோடு மோதி, உள்ளதும் போகும்.