பால் பத்தவில்லை என்று அழும் மனைவிக்கு எப்படித் தைரியம் சொல்வது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தலைப்பிரசவம், பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகிறது. மனைவி பால் பத்தலை என்று அழுகிறார், பெரியவர்கள் புட்டிப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள், நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று.

தம்பி, காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்தவள் நான். பால் பத்தலை என்று சொல்லும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பால் இருக்கும், நம்பிக்கைதான் இருக்காது. பிள்ளை சப்பும்போது தாயின் உடம்பில் ஊறும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் பாலை இறக்கிவிடுகிறது. பயமும் வலியும் சங்கடமும் அதைக் கொஞ்ச நேரத்துக்குத் தடுத்துவிடும். மார்பில் பால் இருந்தும் இறங்காது, பிள்ளை வீறிடும், உடனே நாலு பேர் "பார்த்தியா, பால் இல்லை" என்பார்கள். அந்தப் பேச்சே அடுத்த தடவையும் பாலைத் தடுக்கும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளை பார்க்க வந்த ஆச்சிமார் எல்லாரும் "பால் இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் குறைவில்லாமல் கொடுத்தார்கள், பாசத்தோடுதான். ஆனால் "இவ்வளவு சாப்பிட்டும் ஊறலையா?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பிள்ளை நனைத்த துணிகளை மாமியாரையே எண்ணச் சொன்னேன். ஐந்தாம் நாளுக்கு மேல், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்தால் பால் போகிறது என்று பொருள். எண்ணி முடித்த மாமியார் நேரே உள்ளே போய், "பிள்ளைக்குப் பால் நல்லாத்தான் போகுது ஆத்தா" என்றார். நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எப்படி வளர்கிறது என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதினார். தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, நெருங்கியவர் சொல்லும் நல்ல வார்த்தை, அப்போதைய உடல், மன நிலை என்று நாலு வழி. தாய்ப்பாலுக்கும் இது அப்படியே பொருந்தும். அதனால் "கவலைப்படாதே" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இந்தத் தடவை குடித்துவிட்டுத் தானாகவே வாயை எடுத்துட்டான், பார்த்தியா" என்று நடந்ததைச் சொல்லுங்கள். "சரியாக் கொடுத்தியா", "போதுமா" என்ற வார்த்தைகள் வேண்டாம். பரீட்சை மாதிரி இருக்கும். "எப்படி இருக்கு உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். சொந்தத்தில் சமீபத்தில் பால் கொடுத்த அக்கா யாராவது இருந்தால் வந்து கூட உட்காரச் சொல்லுங்கள்.

காம்பு வலிக்கிறது என்றால் தைரியம் பேசிப் பயனில்லை. பிள்ளை வாய் வைத்திருக்கும் விதத்தைச் செவிலியரை வைத்துப் பார்க்க வேண்டும். அது சரியானாலே பாதி அழுகை நின்றுவிடும்.

அப்புறம், இராத்திரி. பால் உற்பத்திக்கான புரோலாக்டின் என்ற ஹார்மோன் அப்போதுதான் அதிகம் சுரக்கும், அதனால் இராத்திரிப் பாலை நிறுத்தாதீர்கள். ஆனால் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் உங்கள் வேலை. வருகிறவர்களை முகப்பிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்புவதும் உங்கள் வேலைதான்.

சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். அதற்காக உங்கள் மனைவியை யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவியின் அழுகை இரண்டு வாரத்துக்கு மேலும் நீண்டாலோ, பிள்ளை மேல் பிடிப்பே இல்லை என்றாலோ அது பால் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.