தாத்தாவின் பேனாக்கத்தி

அன்புள்ள சார்,

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். தாத்தாவின் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. பிளேடில் ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்ட் என்று இருக்கிறது. பிளேடு கறுத்து, இரண்டொரு இடத்தில் துருப்பிடித்திருக்கிறது. பழம்பொருள் விற்கும் சோர் பஜாரில் காட்டியபோது ஒருவர், "தந்தப் பிடி, பஃபிங் போட்டால் நல்ல விலை போகும்" என்றார். விற்க மாட்டேன். ஆனால் பளபளப்பாக்கி வைக்கலாமா? இதுபோல இன்னும் சில சேர்க்கவும் ஆசை.

ரமேஷ்

அன்புள்ள ரமேஷ்,

பஃபிங் மட்டும் போடவே போடாதீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இங்கிலாந்தின் அந்த ஷெஃபீல்டிலேயே 1913-இல்தான் உருவானது. அதற்கு அப்புறமும் வெகுகாலம் பேனாக்கத்திகளைக் கார்பன் ஸ்டீலில் செய்தார்கள். மாங்காய், எலுமிச்சை என்று நறுக்க நறுக்க, புளிப்பு பட்டு இரும்பு கறுக்கும். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். உங்கள் தாத்தா அதை நன்றாகப் புழங்கியிருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் அந்தப் படலம் போவதோடு நிற்காது. நட்சத்திரமும் சிலுவையுமான ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை மழுங்கும், சூடேறினால் எஃகின் பதமே கெட்டுவிடும். 1764-இல் பதிவான முத்திரை அது. அதைப் போலி செய்தவர்கள் ஏராளம் என்பதால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

செந்துரு உள்ள இடத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறகு மிக நைசான இரும்புப் பஞ்சால் மெல்லத் தேயுங்கள். போதும்.

பிடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பென்சில் முனையால் குத்தியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகளோ சிறு கோடுகளோ தெரிந்தால் எலும்பு; மாட்டெலும்பில் ரத்தக்குழாய் ஓடிய துளைகள் அவை. தந்தத்தில் அவை இருக்காது. குறுக்குவெட்டு தெரியும் இடத்தில் வளைகோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிடியில் வடு விழும். எலும்பு என்று தெரிந்தால் ஏமாற்றம் வேண்டாம். நல்ல எலும்புப் பிடி கை பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வருவதை நான் தந்தத்துக்கும் மேலாக நினைக்கிறேன். தண்ணீரில் மட்டும் ஊறப்போடாதீர்கள், ஆணி உள்ள இடத்தில் விரிசல் விடும்.

சேர்ப்பது பற்றி: தந்தப் பிடியும் மான்கொம்புப் பிடியும் என்று சொல்லி விற்பவற்றைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். ஷெஃபீல்ட்காரர்கள் நம் கடமான் கொம்பை அங்கே வரவழைத்துப் பிடி போட்ட காலம் வேறு.

சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் எதை எடுத்தாலும் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பிரிங் சடக்கென்று இழுக்க வேண்டும், பிளேடு பக்கவாட்டில் ஆடக் கூடாது. சாணை பிடித்துப் பிடித்து ஒல்லியான பிளேடுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

மும்பை மழைக்காலத்தில் தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லேசாக எண்ணெய் தடவி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முத்திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிரீடத்தின் இருபுறமும் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி, ஆர் என்று எழுத்துகள் இருந்தால், தாத்தா காலத்தை வைத்து, 1910-க்குப் பிந்தையது என்று கொள்ளலாம்.