கூட்டத்தில் பேச எழுந்தாலே படபடப்பு: மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பதவி உயர்வு வந்ததிலிருந்து மாதம் ஒருமுறை பையர்கள், அதாவது எங்களிடம் துணி வாங்குபவர்கள், முன் பேச வேண்டியிருக்கிறது. முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். சாம்பிள் அளவுகளை மூன்று முறை சரிபார்ப்பேன். பேச எழுந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. தைரியத்துக்காக சால்பூட்டமால் இன்ஹேலரை நான்கு முறை இழுத்துவிட்டுப் போகிறேன். நண்பர் ஒருவர் ப்ரோப்ரனலால் மாத்திரை தந்தார். இரண்டு முறை போட்டேன், நடுக்கம் குறைந்தது. போன மாதம் உடல்நலம் சரியில்லை என்று சொல்லி ஜூனியரை அனுப்பிவிட்டேன். பயமே வராமல் இருக்க என்ன வழி டாக்டர்?

பதில்: முதலில் அந்த மாத்திரை. இனி அதைத் தொடவே வேண்டாம். ப்ரோப்ரனலால் இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அந்த நேரத்தில் உங்கள் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் மூன்றாவது முறையும் ஆகாது என்று சொல்ல முடியாது. நண்பர் நல்ல மனதோடுதான் தந்திருப்பார். அவருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஆபத்து.

அப்புறம் இன்ஹேலர். படபடப்பும் கை நடுக்கமும் சால்பூட்டமாலின் பக்கவிளைவுகள். பயம் கொஞ்சம், மருந்து கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்துதான் உங்கள் கையை ஆட்டுகின்றன. வீசிங் இருந்தால் தயங்காமல் இழுங்கள், தைரியத்துக்காக இழுக்காதீர்கள். வாரத்தில் பல நாள் தேவைப்படுகிறது என்றால், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். அது வராமலே இருக்க வழி கேட்கிறீர்கள். நான் அதை உங்களுக்கு விரும்பமாட்டேன். முக்கியமான ஒன்று நடக்கப்போகிறது என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது. தசைகளுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகம் எடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. உங்கள் உடம்பு கெட்டுப்போகவில்லை, வேலைக்குத் தயாராகிறது. சாம்பிள் அளவுகளை உங்களை மூன்று முறை பார்க்கவைப்பதும் இதே பயம்தான்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, குழந்தைகள் வார்டில் முதல் இரவுப் பணி. எடைக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும். உள்ளங்கை வியர்த்து பேனா வழுக்கியது. அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போட்டேன். சந்தேகம் வந்தபோது வெட்கப்படாமல் வார்டு சிஸ்டரை எழுப்பிக் கேட்டேன். இன்றும் கைக்குழந்தைக்கு மருந்து எழுதும்போது அதில் ஒரு துளி பயம் எட்டிப்பார்க்கும். அது போய்விட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஜூனியரை அனுப்பினீர்களே, அதற்குத்தான். அன்று மாலை நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ‘போகாததால் தப்பித்தோம்’ என்று மூளை குறித்து வைத்துக்கொண்டது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அது போகாது. பயத்தோடு அங்கே நின்று, ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு தானே பார்த்தால்தான் தணியும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். முயலைக் கண்டாலே அலறும் குழந்தை அவன். பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தடவிக்கொடுக்கும் அளவுக்கு அவன் வந்துவிட்டான். இன்றைய பயச் சிகிச்சையின் வேர் இதுதான்.

நீங்களும் முயலைத் தூரத்தில் வைத்தே தொடங்குங்கள். பேசப்போவதை முதலில் வீட்டில் தனியாக, வாய்விட்டு, நின்றுகொண்டு சொல்லுங்கள். அது பழகியதும் வீட்டில் ஒருவர் முன். பிறகு அலுவலகத்தில் நெருக்கமான இரண்டு பேர், அப்புறம் உங்கள் டீம். படபடப்பு ஏறும்போது நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். அது இறங்கும்வரை அங்கேயே இருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொண்டால் துடிப்பு கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு படியிலும் பல நாள் நின்றாலும் தவறில்லை.

இதோடு ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டில் எதில் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். காரணமே இல்லாமல் திடீரென்று பயம் கவ்வினாலோ, வேலைக்கே போக முடியாமல் போனாலோ, பயத்தை அடக்க மது தேவைப்பட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஜூனியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் முதல் ஐந்து நிமிடம் நீங்களே பேசுங்கள். தொடக்க இரண்டு வரிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கை நடுங்கினால் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசலாம்.