சுவரில் இலை வடிவம் ஒட்டினால் தலைவலி குறையுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. வாரத்துக்கு மூன்று நாளாவது காஃபின் கலந்த வலி மாத்திரை போடுகிறேன். ஆறு மாதம் முன்பு கூடத்தில் டிவி சுவர் முழுக்க வரிவரியான லூவர் பேனல் அடித்தோம். அதிலிருந்து மாலையில் அங்கே உட்கார்ந்தாலே கண் கூசுகிறது. இன்டீரியர் செய்பவர், எதிர்ச்சுவரில் இயற்கையின் 'ஃபிராக்டல்' வடிவ வால்பேப்பரும் தரையில் அதே வடிவக் கம்பளமும் போட்டால் மன அழுத்தம், தலைவலி இரண்டும் குறையும் என்கிறார். உண்மையா? 72 வயது மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. இயற்கையை ஒத்த வடிவங்கள் மனத்தைத் தளர்த்தும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு அது சிகிச்சை ஆகாது. புதிதாக எதையும் ஒட்டுவதற்கு முன் அந்த லூவர் பேனலைக் கவனியுங்கள்.

மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்குத்தான் அதிகம் தூண்டப்படும். சுவர் முழுக்க ஒரே திசையில் சம இடைவெளியில் வரிகள் இருந்தால், ஒரே வகை அணுக்கள் கூட்டமாகத் தூண்டப்படுகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளையில் இந்தத் தூண்டல் எளிதில் எல்லை மீறும். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் வில்கின்ஸ் நெடுங்காலம் ஆராய்ந்த விஷயம் இது. பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் ஏறக்குறைய மூன்று வரிச் சோடிகள் வரும்போது தொந்தரவு உச்சத்தில் இருக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சோபாவில் உட்கார்ந்து கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அதன் அகலம் சுமார் 2 டிகிரி. விரலுக்குப் பின்னால் மறையும் மேடு-பள்ளச் சோடிகள் ஆறை ஒட்டி வந்தால், அதுதான் மிக மோசமான இடைவெளி. நான்கு வந்தாலும் நல்லதில்லை. பேனலை உடனே பெயர்க்க வேண்டாம். முதலில் அதன் ஓரத்தில் எல்.இ.டி. பட்டை ஒளிர்ந்தால் அதை அணையுங்கள். பக்கவாட்டு வெளிச்சம்தான் பள்ளங்களில் நிழலை ஆழமாக்கி வரிகளைத் துருத்திக்காட்டுகிறது. பிறகு இரண்டு வாரம் ஒரே நிறத் திரைச்சீலையால் மூடிப் பாருங்கள். கண் கூசுவது குறைந்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மங்கலான மேட் வண்ணம் அடிக்கலாம், அல்லது பேனலைக் கழற்றிவிடலாம்.

இனி ஃபிராக்டலுக்கு வருவோம். முருங்கைக்கீரை ஆய்ந்தவர்களுக்கு இது பழக்கமான வடிவம்தான். பெரிய காம்பு, அதில் கிளைக்காம்பு, அதில் இன்னும் சிறு காம்பு, கடைசியில் இலை. ஒரு கிளைக்காம்பை ஒடித்துத் தனியே வைத்தால் முழுக் கொத்தின் சின்னப் பிரதி போலவே இருக்கும். பெரிய அளவிலும் சிறிய அளவிலும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் 1975-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். நம் கோலங்களிலும் சில இப்படிப் பெருகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலாக்கினார்கள்.

இவ்வடிவங்களின் அடர்த்தியை 1 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பார்கள். வெறும் கோடு 1, தாளை முழுக்க அடைத்தால் 2. ஓரிகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் டெய்லர் குழுவின் ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு இதமாகப் பட்டது 1.3 முதல் 1.5 வரை. 1.3 அளவில் மூளையின் ஆல்ஃபா அலைகள், அதாவது விழித்தபடி ஓய்வாக இருக்கும்போது எழும் அலைகள், கூடியதை ஸ்வீடனின் கரோலின் ஹேகர்ஹால் 2008-ல் பதிவு செய்தார்.

வால்பேப்பர் வாங்கும் முன் அதன் மாதிரியை ஏ4 தாளில் கருப்பு வெள்ளைக் கோட்டுருவமாக அச்சிடுங்கள். மேலே 2 செ.மீ. கட்டங்கள் வரைந்து, கோடு தொட்ட கட்டங்களை எண்ணுங்கள். பிறகு 1 செ.மீ. கட்டங்களாக்கி மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை 2.5 முதல் 2.8 மடங்கானால் நீங்கள் தேடும் அடர்த்தி அதுதான். 2 மடங்குக்கு அருகே நின்றால் வெறுமை, 3.5-ஐத் தாண்டினால் நெரிசல். கடையில் 'நேச்சர்' என்று விற்பதில் பலவும் ஒரே அளவு வாழையிலையை வரிசையாக அச்சிட்டவை. பெரிதுக்குள் சிறிது என்ற அடுக்கு அதில் இல்லை. பெரணி இலை, இலையுதிர்ந்த கிளைகள், மேகம் போன்றவற்றைத் தேடுங்கள். வெளிர் சுவரில் ஒரு சாயல் மட்டும் அடர்ந்த நிறம் போதும். கருப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம். கணினிக்குப் பின்சுவரில் ஒட்டினால் திரையோடு போட்டி போடும். தலை நிமிர்ந்தால் 2–3 மீட்டரில் தெரியும் சுவரே சரியான இடம். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரைத் தவிருங்கள். தாளுக்குப் பின்னால் பூஞ்சை வளர்ந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

ஆனாலும் காகித இலையைவிட உண்மை மரம் மேல். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு ராஜர் உல்ரிச் 1984-ல் எழுதினார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். மரத்தைப் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. உங்கள் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்ப ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வெளியே மரம் இல்லையென்றால் பெரணித் தொட்டி வையுங்கள், அடித்தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு அதுவே வீடு.

கம்பளம் வேண்டாம். வயதானவர்களுக்கு, அதுவும் கண்புரை இருந்தால், தரையில் உள்ள அடர்ந்த திட்டு பள்ளமாகவும் கோடு படியாகவும் தெரியும். தயங்கிக் கால் வைத்துத் தடுமாறுவார்கள். கம்பளத்தின் ஓரமும் தட்டிவிடும். மாமியார் நடக்கும் இடம் ஒரே நிறமாக, வழுக்காததாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த மாத்திரைக் கணக்கு. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 12, 13 நாள். காஃபின் போன்றவை கலந்த வலி மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு அதிகமாகத் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். சுவரை எப்படி மாற்றினாலும் அது போகாது. இன்றிலிருந்து நான்கு வாரம் வலி வந்த நேரம், போட்ட மாத்திரை, தூக்கம், மாதவிலக்கு நாள், கூடத்தில் உட்கார்ந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். இதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் குறிப்பேட்டோடு போனால் மாத்திரையை நிறுத்தும் முறையையும், வலி வராமல் தடுக்கும் மருந்து தேவையா என்பதையும் அவர் முடிவு செய்வார்.

இதுவரை கண்டிராத வேகத்தில் திடீரென்று உச்சத்துக்கு ஏறும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மறைதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு – இவற்றில் ஒன்று வந்தாலும் குறிப்பேடு, காத்திருப்பு எதுவும் வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.