தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாட்டு ஒலித்தால் அதன் கலைஞர்களுக்குப் பணம் எப்படிப் போகிறது?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அது எழுதியவர்களுக்கும், அவர்கள் சார்பில் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும் சொந்தம். ஒலிப்பதிவு இன்னொன்று, அது பெரும்பாலும் இசை நிறுவனத்தின் கையில் இருக்கும். பாட்டைக் காட்சியோடு சேர்க்க, தயாரிப்பாளர் இரு தரப்பிடமும் உரிமம் வாங்க வேண்டும். வேறொருவரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவு செய்தால் மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமம் மட்டும் போதும். கட்டணம் முழுக்கப் பேரம்தான்: பாட்டின் புகழ், எத்தனை நொடி, எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள் என்று எல்லாம் கணக்கில் வரும். ஐந்து நொடிக்குள் என்றால் அனுமதி வேண்டாம் என்பது வெறும் வதந்தி.

இந்த உரிமக் கட்டணம் ஒருமுறைப் பணம். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும், மறு ஒளிபரப்புக்கும் ராயல்டி தனியாக வரும். அலைவரிசைகள் பிரிட்டனின் பிஆர்எஸ், அமெரிக்காவின் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற உரிமைச் சங்கங்களுக்குக் கட்டணம் செலுத்துகின்றன. சங்கங்கள் அதை எழுதியவர்களுக்குப் பிரித்துத் தருகின்றன. யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது 'கியூ ஷீட்', அதாவது தொடரில் ஒலித்த இசையின் பட்டியல். பாட்டின் பெயர், எழுதியவர்கள், அவரவர் பங்கு, ஒலித்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். அதில் உங்கள் பெயர் விடுபட்டால் ராயல்டி உங்களைத் தேடி வராது. ஆகவே சங்கத்தில் பதிவு செய்யுங்கள், கியூ ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூச்சமே வேண்டாம், அது உங்கள் உழைப்பின் கூலி.

பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் நிலைமை நாட்டுக்கு நாடு மாறும். பலருக்குப் பதிவுக்கூடத்தில் வாங்கிய சம்பளத்தோடு சரி. அது நியாயமில்லை என்பேன். ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும் நிரந்தரமாக' என்றிருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.