ஒயின் ஸ்லஷி: ஒரு நாள் தண்ணீர், மறுநாள் பாறை

கேள்வி: வீட்டுக்கு, பானத்தைப் பாதி உறைந்த பனிக்கூழாக்கும் ஸ்லஷி மெஷின் ஒன்று வாங்கினேன். முதல் நாள் 750 மில்லி சிவப்பு ஒயின், 200 மில்லி வோட்கா, 150 மில்லி சர்க்கரைப் பாகு ஊற்றி ஓட்டினேன். ஒன்றரை மணி நேரம் கழித்தும் சில்லென்ற ஒயின்தான் வந்தது. அடுத்த முறை ஒயினை 250 மில்லியாகக் குறைத்து, மீதிக்குச் சர்க்கரை இல்லாத எலுமிச்சைப் பானம் முக்கால் லிட்டர் ஊற்றினேன். உள்ளே கட்டி இறுகி, திருகு கடகடவென்று அடித்து நின்றுவிட்டது. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளும் நீங்கள் ஊற்றிய கலவைதான் அதைப் படுத்தியிருக்கிறது. ஒரு நாள் ஆல்கஹால் மிஞ்சிப்போனது, மறுநாள் ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்ந்தே காணாமல் போயின.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். நடுவில் ஓர் உருளை. அதன் மேல்பரப்பு உறைகுளிரில் இருக்கிறது. கலவையில் உள்ள தண்ணீர் அதன்மீது மெல்லிய பனிப்படலமாகப் படிகிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு அதைச் சுரண்டிச் சுரண்டி மீண்டும் கலவைக்குள் தள்ளுகிறது. உறைவது தண்ணீர் மட்டும். சர்க்கரையும் ஆல்கஹாலும் மிச்சமிருக்கும் திரவத்தில் தங்கி, அதை மேலும் மேலும் அடர்த்தியாக்குகின்றன. அடர்த்தி ஏற ஏற அந்தத் திரவத்தின் உறைநிலை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் மெஷினின் குளிரால் அதற்கு மேல் உறைய வைக்க முடியாது. பாதி பனியும் பாதி திரவமுமாக நிற்கும் அந்த இடம்தான் ஸ்லஷி.

இந்த வேலையில் ஆல்கஹாலின் கை ஓங்கியது. ஒரே எடை சாதாரணச் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் தண்ணீரில் கரைத்தால், ஆல்கஹால் உறைநிலையை ஏழு மடங்குக்கும் மேலாகக் கீழே இழுக்கும். அதன் மூலக்கூறு அவ்வளவு சிறியது. ஒரே எடையில் எண்ணிக்கை அதிகம், எண்ணிக்கைதான் இங்கே கணக்கு.

இப்போது உங்கள் முதல் நாள் கலவைக்கு வருவோம். ஒயின் 13 சதவீதம், வோட்கா 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,100 மில்லியில் ஆல்கஹால் சுமார் 178 மில்லி, அதாவது 16 சதவீதம். அது உறையத் தொடங்குவதே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வாக்கில். பாதியாவது பனியாக வேண்டுமானால் இன்னும் ஐந்து டிகிரியாவது இறங்க வேண்டும். வீட்டு மெஷின் அதற்கு மூச்சுவாங்கும். இரண்டாம் நாள் ஆல்கஹால் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, சர்க்கரை ஏறக்குறைய இல்லை. அது மைனஸ் 1 டிகிரியிலேயே உறையத் தொடங்கி, நிறுத்த எதுவும் இல்லாமல் கட்டியாக இறுகிவிட்டது. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பு நாக்கை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. அதைத் துளியளவுதான் போடுகிறோம், உறைநிலையைத் தொடக்கூட அது போதாது.

நீங்கள் மட்டுமல்ல, இதில் முதலில் இறங்கியவரும் இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். 1971-இல் டல்லாஸில் உணவகம் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ், மென் ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து டெகீலாவும் எலுமிச்சையும் சேர்ந்த மதுக்கலவையான மார்கரிட்டாவை உறைந்த வடிவில் எடுத்தார். அந்த இயந்திரம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் சொல்லும் அளவு இது. முடிந்த கலவையில் ஆல்கஹால் 7 முதல் 10 சதவீதம், சர்க்கரை 8 முதல் 10 சதவீதம். ஆல்கஹால் இல்லாத ஸ்லஷிக்குச் சர்க்கரை 13 சதவீதம் வாக்கில் இருக்க வேண்டும். ஒயின் இருப்பதால் இங்கே அந்தச் சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

முதலில் இதைச் செய்துபாருங்கள். 80 கிராம் சர்க்கரையை 80 மில்லி சூடான தண்ணீரில் கரையுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். நன்றாக ஆறவிட்டு, 12 சதவீத ரோஸே (இளஞ்சிவப்பு) ஒயின் 750 மில்லி, ஸ்ட்ராபெரியை அரைத்து வடிகட்டிய சாறு 200 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி சேருங்கள். மொத்தம் 1,100 மில்லி வரும், ஆல்கஹால் 8 சதவீதம். உங்கள் மெஷின் சிறியது என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஆனால் அதில் குறித்திருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போக வேண்டாம், உருளை மூழ்கியிருக்க வேண்டும். அதிகபட்சக் கோட்டையும் மதியுங்கள். உறையும்போது கலவை உப்பும்.

ஊற்றுவதற்கு முன் ருசி பார்த்தால் தித்திப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். பயந்து குறைக்காதீர்கள். குளிர் நாக்கை மரக்கச் செய்துவிடும். உறைந்த பிறகு அதே இனிப்பு அளவாகத் தெரியும். எலுமிச்சையை மட்டும் விடாதீர்கள், அது இல்லாத ஒயின் ஸ்லஷி வெறும் சர்க்கரைப் பனிதான்.

சிவப்பு ஒயின் பற்றி ஒரு வார்த்தை. இனிப்பைக் குளிர் அமுக்குகிறது, துவர்ப்பையோ தூக்கிக் காட்டுகிறது. ஆகவே கேபர்னே சாவின்யோன் போன்ற துவர்ப்பைத் தரும் டானின் மிகுந்த ஒயினை உறைய வைத்தால் வாய் சுருங்கும். சிவப்புதான் வேண்டும் என்றால் பினோ நுவார் மாதிரி இலேசானது எடுங்கள். என்னைக் கேட்டால் ரோஸே, வெள்ளை ஒயின்களான ரீஸ்லிங், மொஸ்காட்டோ மூன்றும்தான் இந்த மெஷினுக்கென்றே பிறந்தவை. மொஸ்காட்டோ ஏற்கெனவே இனிப்பானது, பாகைப் பாதியாக்குங்கள். விலை உயர்ந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். மணம் முழுக்கக் குளிரில் ஒடுங்கிப்போகும், வீண்.

வோட்காவை விட மனம் வரவில்லையா? 60 மில்லி ஊற்றுங்கள். அதற்கு ஈடாக 180 மில்லி ஒயினைக் குறைத்து, மீதி 120 மில்லிக்குப் பழச்சாறு சேருங்கள். ஆல்கஹால் கணக்கு கிட்டத்தட்ட மாறாது. நுரைக்கும் ஒயினை மட்டும் உள்ளே ஊற்றவே கூடாது. திருகு கலக்கக் கலக்க நுரை பொங்கி வழியும், குமிழும் செத்துப்போகும். ஆசை இருந்தால் கிளாஸில் எடுத்த பிறகு மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். பால், க்ரீம் சேர்த்தால் ஒயினின் புளிப்பில் திரிந்துவிடும்.

எல்லாவற்றையும் முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 4 டிகிரியில் ஊற்றுவதற்கும் அறை வெப்பத்தில் ஊற்றுவதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். அவசரத்துக்கு ஐஸ் கட்டி போட வேண்டாம். கலவை நீர்த்துப்போவது ஒருபுறம், திருகில் சிக்கினால் செலவு மறுபுறம். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அது கக்கும் வெப்பம் வெளியேற வழி இல்லாமல் குளிர்விக்கத் திணறும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்ய வழி உண்டு. ஒரு மணி நேரம் ஆகியும் தளர்வாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரோ சாறோ 50 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். தண்ணீர் ஊற்றினால் இறுகும் என்பது விநோதமாகத் தோன்றும், ஆனால் உறைவதற்கு அங்கே தண்ணீர்தான் பற்றவில்லை. திருகு முனகினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ உடனே குளிரூட்டலை நிறுத்தி, சுற்றலை மட்டும் விட்டு, 50 மில்லி ஒயினோ பாகோ சேருங்கள். திருகு நின்றேவிட்டால் கரண்டியால் குத்தாதீர்கள், அணைத்துவிட்டுத் தானாக இளக விடுங்கள்.

குடிக்கும்போது இன்னொன்று. உறைந்த பகுதி தண்ணீர், ஆல்கஹால் முழுக்க இருப்பது பனிக்கு இடையே உள்ள திரவத்தில். ஸ்ட்ராவைப் போட்டு அடியில் உறிஞ்சினால் முதலில் வருவது கலவையைவிட ஆல்கஹால் மிகுந்தது, கடைசியில் மிஞ்சுவது சப்பென்ற பனி. கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதே நல்லது. 200 மில்லி ஸ்லஷியில் 16 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, 150 மில்லி ஒயினில் 18 மில்லி. ஆக இது ஜூஸ் இல்லை, ஏறக்குறைய ஒரு கிளாஸ் ஒயின். பார்த்தால் அப்படித் தெரியாது என்பதால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் மெஷின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். குடித்தபின் வண்டி எடுப்பதில்லை என்பதும் அப்படியே பொருந்தும்.

முடிந்ததும் அப்படியே விட்டுவிடாமல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குளிரூட்டல் இல்லாமல் சில நிமிடம் சுற்றவிட்டு வடியுங்கள். பிறகு குழாய்வாயையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள். சர்க்கரை காய்ந்து ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை ஒழுகுவது அங்கிருந்துதான்.